தவளை டீச்சரின் கால் நகங்கள்

அந்த நீச்சல் குளத்தில் அவளுக்குத் தவளை டீச்சர் என்று பெயர். வைத்தவர்கள் குழந்தைகள். தவளை நீச்சல் சொல்லிக் கொடுக்கும்போது முதலில் கரையிலேயே குப்புறப் படுத்து, காலை மடக்கி, விரித்து, உதைத்துக் காட்டுவாள். ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிற ஒரு பெண்மணி ஈரத்தரையில் கிடந்து அப்படி உதைத்தால் பிள்ளைகள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவளுக்கும் அதில் வருத்தமில்லை. "தவளைன்னா சும்மாவா? தண்ணியிலயும் பொழைக்கும், தரையிலயும் பொழைக்கும்" என்பாள்.

ஆனால் எந்தத் தவளையாவது ஷூ போட்டுக்கொண்டு நீந்திக் கேள்விப்பட்டதுண்டா? இந்தத் தவளை நீந்தியது. கணுக்கால்வரை இறுக்கிப் பிடிக்கிற கறுப்பு ரப்பர் ஷூ. காலையில் வீட்டில் மாட்டினால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் கழற்றுவாள். கேட்டால் "வழுக்காது" என்று ஒரே வார்த்தை. யாரும் அதற்கு மேல் துருவியதில்லை. நன்றாகச் சொல்லிக் கொடுக்கிற டீச்சரின் காலை யார் பார்க்கிறார்கள்?

ஷூவுக்குள் இருந்த சங்கதி இதுதான். இரண்டு கட்டைவிரல் நகங்களும் மஞ்சளாகத் தடித்துப் போயிருக்கும். ஓரங்கள் பொடிந்து உதிரும். பக்கத்து விரல்களிலும் அங்கங்கே கறை. சொத்தை நகம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பெல்லாம் தடவிப் பார்த்தாயிற்று. கொஞ்ச நாள் அடங்கினதுபோல் இருந்து, மறுபடி தலைகாட்டும்.

அது அவள் பிறந்த வீட்டுச் சீதனம். அம்மாவுக்கு இருந்தது. அவளுக்கு வந்தது. தம்பிக்கும் வந்தது. அப்பாவுக்கு இல்லை. இல்லாதவருக்குத்தானே வாய் நீளும்? "கழுவத் தெரியாத காலு" என்று அம்மாவைப் பிள்ளைகள் எதிரிலேயே சொல்லுவார். குளியலறை வாசலில் ஓர் ஆணியில் பிரஷ் தொங்கும். தரை தேய்க்கிற பிரஷ்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்காவும் தம்பியும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் காலை விட்டு, அந்த பிரஷால் நகத்தைத் தேய்க்க வேண்டும். நகம் வெளுக்காது. வெளுக்கவில்லை என்றால் தேய்த்தது போதவில்லை என்று அர்த்தம். அந்த வீட்டு நியாயம் அப்படி. இன்னும் தேய்ப்பார்கள். ரத்தம் கசியும். மறுநாளும் தேய்ப்பார்கள்.

அவள் தண்ணீருக்குள் போனதே அதனால்தான். பள்ளிக்கூடத்து நீச்சல் வகுப்பில் முதல்நாள் இறங்கியபோது ஒன்றைக் கண்டுகொண்டாள். இடுப்புக்குக் கீழே எவருக்கும் எவருடைய காலும் தெரியாது. அந்த ஓர் இடத்தில்தான் அவள் எல்லாரையும் போல இருந்தாள். பிறகு எல்லாரையும்விட நன்றாக நீந்தினாள். 

அம்மாவுக்கு அப்படி ஓர் இடம் வாய்க்கவில்லை. வாசலைத் தாண்டினால் சாக்ஸ், வெயில் கொளுத்தினாலும் சாக்ஸ். கடைசியாக மருத்துவமனையில் கிடந்தபோது நர்ஸ் சாக்ஸைக் கழற்ற வந்தால் காலை இழுத்துக்கொள்வாள். பேச்சு நின்றுபோன பிறகும் கால் மட்டும் இழுத்துக்கொண்டது. உயிர் போகிற நேரத்திலும் ஒருத்தி கால் நகத்துக்காக வெட்கப்பட்டாள் என்றால், அந்த வெட்கத்தை அவள் தலையில் கட்டிய மனிதரை என்ன சொல்வது? வாயில் வருகிறது. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், விடுங்கள்.

டீச்சருக்கு வாய்த்த கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கத் தெரிந்த மனிதருக்குத் தன் செருப்பு எங்கே கிடக்கிறது என்று மட்டும் தெரியாது. வாசலில் கண்ணில் பட்டதில் காலை நுழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பெரும்பாலும் அது மனைவியின் செருப்பாக இருக்கும். குதிகால் பாதி வெளியே தொங்க, தெருமுனைவரை போய்த்தான் "என்னடா இடிக்குதே" என்று குனிந்து பார்ப்பார். குளியலறைச் செருப்பும் அவளுடையது, கால் துடைக்கிற துண்டும் அவளுடையது, நகவெட்டியும் அவளுடையது.

"என் கால் விஷயம் தெரிஞ்சும் இப்படிப் பண்றீங்களே! ஒட்டிக்கப் போகுதுங்க!" கல்யாணமான புதிதில் ஆரம்பித்த சத்தம் இது.

"நீயே ஒட்டிக்கிட்டே. இனிமே எது ஒட்டினா என்ன?" என்பார் அவர். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவருடைய நகங்களோ கழுவி வைத்த சங்கு மாதிரி இருந்தன. நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை என்பார்கள். அவர்களுடைய ஒரே மகன் கால் விஷயத்தில் மட்டும் அப்பனைக் கொண்டு பிறந்திருந்தான். இதையெல்லாம் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்தும் அதில் ஒரு சேதி இருக்கிறது என்று தோன்றவில்லை. தான் அழுக்கு என்று சின்ன வயதிலேயே நம்ப வைக்கப்பட்டவளுக்கு எப்படித் தோன்றும்?

வினை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது, அதுவும் நல்ல காரியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு.

முழங்கால் வலிக்காக நீந்த வந்துகொண்டிருந்த பேக்கரிக்காரர், பருத்த மனிதர், ஆசை மிகுதியில் கயிற்றைத் தாண்டி ஆழத்துப் பக்கம் போய்விட்டார். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இரண்டு தடவை மேலே வந்தார், மூன்றாவது தடவை வரவில்லை. டீச்சர் குதித்தாள். முங்குகிறவர் கைக்குக் கிடைத்ததைப் பிடித்துத் தொங்குவார் அல்லவா? அவருக்குக் கிடைத்தது டீச்சரின் கால். உதறி விடுபட்டு, பின்பக்கமாகப் போய் அவர் தாடையைத் தாங்கி, கரைக்கு இழுத்து வந்துவிட்டாள். அவர் தரையில் கிடந்து இருமினார், பக்கத்தில் அவள் முழங்காலிட்டு மூச்சு வாங்கினாள். யாரோ படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் அவளுடைய ஒரு காலில் ஷூ இருந்தது. இன்னொரு கால் வெறுமையாக இருந்தது. 

படம் நீச்சல் குளத்து வாட்ஸ்அப் குழுவில் ஏறியது. முதலில் கும்பிடுகள், கைதட்டல்கள், "எங்கள் சிங்கம்" என்று ஒரு தாத்தா. பிறகு ஒரு புண்ணியவான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டார். "அந்தக் கால் விரலைக் கவனிச்சீங்களா?" அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் பேக்கரிக்காரர் படத்திலிருந்து காணாமல் போய்விட்டார், கட்டைவிரல் மட்டும் வட்டம் போட்டுச் சுற்றி வந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

குழுவை நடத்துகிற அம்மாள் கெட்டவர் இல்லை. ஆனால் அவருடைய பையன் டீச்சரிடம்தான் நீச்சல் பழகினான், அவனுக்குச் சமீபத்தில் சுண்டுவிரல் நகம் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. "எங்கேருந்து வந்துதுன்னு இப்பத்தான் தெரியுது" என்று எழுதினார். அதற்குக் கீழே கும்பிட்டவர்களே கோபப்பட்டார்கள்.

மறுநாள் மேலாளர் தன் அறையில் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"டீச்சர், உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நகம் சரியாகுற வரைக்கும் துண்டு குடுக்குற கவுன்டர்ல இருங்க. தண்ணியில இறங்க வேண்டாம்."

"சரியாகலன்னா சார்?"

"அப்ப வேற டீச்சர் பார்க்கச் சொல்லி மேலேருந்து சொல்லிட்டாங்க." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அறிவு தெரிந்த நாளிலிருந்து சரியாகாத நகம். அப்படியென்றால் இனி தண்ணீர் கிடையாது. அவளுக்கு இருந்த அந்த ஓர் இடமும் போயிற்று.

துண்டுக் கவுன்டரின் கண்ணாடி வழியாகக் குளம் தெரியும். அதைவிடக் கொடுமை வேண்டுமா? அவளுடைய பெண்கள் வகுப்பு, நடுத்தர வயதுக்காரிகள், ஒவ்வொருத்தியும் பயத்தை மென்று விழுங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மிதக்கிற கட்டத்துக்கு வந்திருந்தார்கள். அடுத்த பாடம் கம்பியை விடுவது. மாற்றாக வந்தவர் கரையில் நின்றபடி "விடுங்க, விடுங்க" என்று கத்தினார். யாரும் விடவில்லை. தையற்கடை வைத்திருக்கிற பெண் ஒருத்தி துண்டு வாங்க வந்தபோது ஈரக் கையைக் கவுன்டரில் ஊன்றிச் சொன்னாள்:

"டீச்சர், நீங்க திரும்பித் தண்ணிக்குள்ள வர்ற வரைக்கும் நான் அந்தக் கம்பியை விடறதா இல்ல. பார்த்துக்குங்க."

அந்த வார்த்தைதான் அவளைத் தோல் மருத்துவரிடம் கொண்டு போயிற்று. வெட்கத்தில் இத்தனை வருஷம் மருத்துவர் வாசலையே மிதிக்காதவள். போகிற அன்று காலையிலும் பழக்கதோஷம், நகத்தை பிரஷால் தேய்த்துச் சிவக்க வைத்துக்கொண்டுதான் போனாள். மருத்துவர் அவள் வயதையொத்த பெண்மணி. பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர் திடுக்கிட்டார்.

"என்னம்மா இது, நகத்தோட சண்டையா?"

"சுத்தமா வெச்சுக்கணும்னு தேய்ச்சேன் டாக்டர்."

மருத்துவர் பரிசோதனைக்கு நகத்தில் கொஞ்சம் வெட்டி எடுத்தார். வேறு யாருக்கு இருக்கிறது என்று கேட்டார். அம்மா, வெளியூரில் இருக்கிற தம்பி என்றாள். கணவருக்கு? இல்லை. மகனுக்கு? இல்லை. "வீட்டுக்காரர் தனிச் செருப்புதானே போடுறார்?" என்று கேட்டதும் டீச்சருக்குத் துக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டாள். மனிதர் உள்ளே வந்தார், குதிகால் வெளியே தொங்க, மனைவியின் செருப்பைப் போட்டுக்கொண்டு.

மருத்துவர் அவர் பாதங்களை விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கறை இல்லை.

"இந்தப் பூஞ்சை உங்க குளத்துல மட்டும் இருக்குன்னு நினைக்காதீங்க. ஈரம் இருக்கிற எடத்துலல்லாம் இருக்கும். எல்லாரும்தான் மிதிக்கிறோம். மிதிச்ச எல்லாருக்கும் வர்றதில்ல. உடம்புக்குள்ள காவல்காரங்க இருக்காங்க, எதிர்ப்புச் சக்தின்னு சொல்றோமே, அதான். யாரை விரட்டணும்னு அவங்களுக்கு ஆள் அடையாளம் காட்டுறதுல சில மரபணுவுக்குப் பங்கு இருக்கு. அது அப்பா அம்மாகிட்டேருந்து வர்றது. சில குடும்பத்துல காவல்காரன் மத்ததையெல்லாம் ஒழுங்கா விரட்டுவான், இந்தப் பூஞ்சையை மட்டும் விருந்தாளின்னு நெனச்சு உள்ள விட்டுடுவான்."

"அப்ப, அழுக்குனால இல்லையா டாக்டர்?"

"யார் சொன்னது அழுக்குன்னு? வயசு, சர்க்கரை, நகத்துல அடி, ஈர ஷூ, இதெல்லாம் சேர்ந்துக்கும். ஆனா இவரைப் பாருங்க. வருஷக்கணக்கா உங்க செருப்புல திரியறார். ஒட்டணும்னா முதல்ல இவருக்கில்ல ஒட்டியிருக்கணும்? வேற ஊர்ல, வேற வீட்டுல இருக்கிற உங்க தம்பிக்கு ஏன் இருக்கு? ஒரே செருப்பு போட்டவருக்கு வரல, ஒரே ரத்தத்துக்கு வந்திருக்கு."

கணவர் ஏதோ சாதித்துவிட்டவர்போல நெஞ்சை நிமிர்த்தினார்.

"நீங்க ரொம்ப நிமிராதீங்க சார்," என்றார் மருத்துவர். "உங்க அதிர்ஷ்டம் அது. நாளைக்கு உங்களுக்கும் வரலாம். இன்னிக்கே தனிச் செருப்பு வாங்குங்க."

பிறகு டீச்சருக்கும் கிடைத்தது திட்டு. பிரஷ் தேய்த்துத் தேய்த்து நகத்தைப் பிளந்து பூஞ்சைக்குக் கதவு திறந்துவிட்டதே அவர்கள் வீட்டு வைத்தியம்தான். நாள் முழுக்க ஈர ஷூவில் காலைப் பொத்தி வைத்தது அதற்குச் சோறு போட்டு வளர்த்ததற்குச் சமம். பரிசோதனை முடிவு வந்து, ரத்தமும் பார்த்துவிட்டு மாத்திரை தொடங்கினார்கள். மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். கரையில் செருப்பு, விரலிடுக்கில் ஈரம் கூடாது, மற்றபடி தாராளமாகக் கற்றுக் கொடுக்கலாம். முழுசாகப் போய்விடுமா என்று கேட்டாள். "பெரும்பாலும் போகும். திரும்ப வந்தாலும் வரும், உங்க காவல்காரன் குணம் அப்படி. வந்தா திரும்ப விரட்டுவோம்" என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டாள். காவல்காரன் கதையைச் சொன்னாள். கடைசியில் சொன்னாள்:

"அம்மா அழுக்கு இல்லடா."

தம்பி அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தான்.

"டேய், பிரஷ் வெச்சிருக்கியா இன்னும்?"

"பாத்ரூம் வாசல்ல தொங்குதுக்கா. உன்கிட்ட?"

"என்னோடதை இப்பத்தான் போட்டேன். நீயும் எடுத்துப் போடு. நான் லைன்லயே இருக்கேன்."

நடக்கிற சத்தம் கேட்டது. குப்பைத் தொட்டி மூடி விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள், அம்மாவுக்காகத்தான்.

அழுது முடித்ததும் அவளுக்கு வந்தது கோபம், நல்ல கோபம். நகம் வெளுக்கும்வரை துண்டு மடித்துக்கொண்டிருக்க அவள் தயாராக இல்லை. மருத்துவரின் சான்றோடு மேலாளரிடம் போனாள். "குழுவுல பேசினவங்களையெல்லாம் நேர்ல கூப்பிடுங்க சார். பேசிடுவோம்."

குளத்தை ஒட்டிய அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பின. டீச்சர் ரப்பர் ஷூ இல்லாமல், விரல்கள் தெரியும் செருப்பில் வந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும் என்று தீர்மானித்துவிட்டாள். எல்லார் கண்களும் நேரே கீழே போயின. "நல்லா பாருங்க" என்று ஒரு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்தாள். பக்கத்து நாற்காலியில் கணவரின் காலை வைக்கச் சொன்னாள். அவர் அன்று சலவைச் சட்டையெல்லாம் போட்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார். செருப்பு, துண்டு, நகவெட்டி என்று அவருடைய திருட்டுகளை ஒவ்வொன்றாக அவள் சொல்லச் சொல்ல அறையில் சிரிப்பு பரவியது. பிறகு தம்பியைச் சொன்னாள். அம்மாவைச் சொன்னாள், சாக்ஸைச் சொன்னாள். சிரித்தவர்கள் அடங்கினார்கள்.

குழு நடத்துகிற அம்மாள் எழுந்தார். கண் கலங்கியிருந்தாலும் குரல் விட்டுக்கொடுக்கவில்லை.

"அதெல்லாம் சரி டீச்சர். அப்ப என் பையனுக்கு எங்கேருந்து வந்துது? எங்க குடும்பத்துல யாருக்கும் இது கிடையாதே!"

டீச்சர் பதில் சொல்வதற்குள் பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்தவர் அந்த அம்மாளின் கணவர், ஆயுள் காப்பீட்டு முகவர், பளபளக்கிற மூடிய ஷூ போட்டவர். அவர் முகம் வியர்த்திருந்தது.

"எனக்கு இருக்கு," என்றார். "எங்க அப்பாவுக்கும் இருந்துது."

அந்த அம்மாள் திரும்பினார்.

"அடப்பாவி மனுஷா! கல்யாணமான நாள்லேருந்து சாக்ஸோட தூங்குறது குளிருக்குன்னு இல்ல நெனச்சேன்!"

அறை வெடித்தது. மேலாளர் பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அந்த அம்மாளே ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் பேக்கரிக்காரர் எழுந்தார். பேசத் தெரியாத மனிதர், இரண்டே வாக்கியம் பேசினார்.

"படத்துல உங்களுக்கு நகம் தெரிஞ்சுது. தண்ணிக்கு அடியில எனக்கு அந்தக் கால் வர்றதுதான் தெரிஞ்சுது."

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? பையனைத் தன் மருத்துவரிடமே அழைத்துப் போவதாக டீச்சர் சொன்னாள், அப்பாவையும் சேர்த்து. குளத்துக் கரையில் இனி வெறுங்கால் கூடாது, எல்லாருக்கும் செருப்பு என்று மேலாளர் ஒரு விதி போட்டார். எல்லாருக்கும் என்பதை அழுத்திச் சொன்னார்.

மறுநாள் காலை அவள் கரையோரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கினாள். விரல்களுக்கு நடுவே தண்ணீர் ஓடியது. அந்தச் சுகத்தை இத்தனை வருஷம் ரப்பருக்குள் பூட்டி வைத்திருந்தோமே என்று அவளுக்கு ஆத்திரமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. தையற்கடைக்காரி கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வந்துட்டேன். இப்ப விடுங்க பார்க்கலாம்."

அவள் விட்டாள். முங்கினாள், கத்தினாள், மிதந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவளும் விட்டாள்.

நகம் அவசரப்படுகிற ஜாதி இல்லை. மாதங்கள் போயின. அடியிலிருந்து இளஞ்சிவப்பாகப் புது நகம் ஏறி வந்து, மஞ்சளை மெல்ல நுனிக்குத் தள்ளியது. கடைசி மஞ்சளை வெட்டி எறிந்த அன்று அவள் படம் எடுக்க வாசலுக்கு வந்தாள். பார்த்தால் செருப்பைக் காணோம். புதுசாக வாங்கிய தன் செருப்பை அப்படியே விட்டுவிட்டு, மனிதர் வழக்கம்போல அவளுடையதை மாட்டிக்கொண்டு போயிருந்தார். திட்டுவதற்கு வாயெடுத்தவள் சிரித்துவிட்டாள். சாயங்காலம் திட்டிக்கொள்ளலாம். அவருடைய பெரிய செருப்புக்குள் காலை விட்டு, அதையே படம் பிடித்து, நீச்சல் குளத்துக் குழுவில் போட்டாள். கீழே எழுதினாள்: "நல்லா பெரிசாக்கிப் பாருங்க."

முதல் பதில் காப்பீட்டு முகவரிடமிருந்து வந்தது. சாக்ஸ் இல்லாத இரண்டு கால்கள், நகங்கள் பாதி மஞ்சள், பாதி இளஞ்சிவப்பு. அப்புறம் அவர் பையனுடையது. அப்புறம் தையற்கடைக்காரி, பேக்கரிக்காரர், நகத்தில் ஒரு குறையும் இல்லாதவர்கள்கூட. குழு முழுக்கக் கால்.

தம்பிக்கும் அனுப்பினாள். அவனிடமிருந்தும் ஒரு படம் வந்தது. அலுவலகத் தரையில், மேசைக்கடியில், வெறும் பாதங்கள். அவனும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான், நகம் பாதிதான் தேறியிருந்தது. ஆனால் அவள் நகத்தைப் பார்க்கவில்லை. நீண்ட இரண்டாம் விரல், உள்ளே வளைந்த சுண்டுவிரல், அகன்ற பாதம். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்: "அப்படியே அம்மா காலுடா. எவ்வளவு அழகா இருக்கு."